கைராசி

எங்கள் தாமானில் போமேனுக்கும் கைராசி பார்ப்பார்கள். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் பிள்ளைக்கு முதல் மொட்டை அடிப்பவருக்கும் பார்ப்பதுபோலத்தான். "அவரு கை வச்சா அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல" என்று ஒருவரைச் சொல்வார்கள். "அவன் ஒன்னு செஞ்சா இன்னொன்னு கெடும்" என்று இன்னொருவரைச் சொல்வார்கள். இரண்டாமவருக்கு அதன் பிறகு வேலை வராது.

கைராசி என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. அதற்கு நிரூபணம் வேண்டாம். கை பட்டதா? பட்ட பிறகு கெட்டதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வழக்கு முடிந்தது. ஒர்க்ஷாப்பில் நிற்கும் எந்தக் காரின் சொந்தக்காரரும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்வார்: "நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. சாமான் மாத்துனதுக்கு அப்புறம்தான் ஸ்டார்ட் ஆவல."

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. பல நேரங்களில் அது உண்மையாகவே இருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலானவை 1-3-4-2 என்ற வரிசையில் பற்றும். பிளக் வயர் மாற்றும்போது இரண்டு வயர் இடம் மாறிவிட்டால் எஞ்சின் இருமும், உதறும், ஸ்டார்ட் ஆகாது. டைமிங் பெல்ட் மாற்றும்போது இரண்டு பல் தள்ளி மாட்டினாலும் அதே கதைதான். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில அலாரங்கள் திருடன் வந்துவிட்டான் என்று முடிவுகட்டி ஸ்டார்ட்டை அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் ஃபில்டரின் மேல் அம்புக்குறி போட்டிருப்பதே யாராவது அதைத் திருப்பி மாட்டுவார்கள் என்ற அனுபவத்தால்தான்.

ஆகவே கடைசியாக எது மாறியது என்று கேட்பது சரியான தொடக்கம். ஆனால் அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. புதிதாகப் போட்ட சாமான் நல்லதுதானா? அந்தச் சாமான் இருக்கும் இடத்துக்குப் போகிற வழியில் கை வேறு எதையெல்லாம் தொட்டது, கழற்றியது, ஒதுக்கியது? கழற்றி எறிந்த பழைய சாமான் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா?

நம் ஆட்கள் முதல் கேள்வியைக் கேட்பார்கள். இரண்டாவதை 'யார் கை' என்று மாற்றிக் கேட்பார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. கேட்டால், கொடுத்த காசு தண்டம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

அப்பாவின் கார் 1999ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா, 1.5 லிட்டர், மேனுவல். 1993இல் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாக வைத்து வெளிவந்த கார் அது. 2009இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் சுங்கை பட்டாணியில் இன்றும் சந்துக்குச் சந்து பார்க்கலாம். உதிரிச் சாமான் மலிவு, எந்தப் போமேனுக்கும் அதன் வயிறு தெரியும். லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா அதை 'வீரன்' என்றுதான் சொல்வார். மலாயில் வீரா என்றாலும் அதே பொருள்தான்.

அந்தக் கார் எங்கள் வீட்டில் ஒரே ஒரு வேலைக்காகத்தான் இன்னும் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி காலை 6.30 மணிக்கு அம்மாவை இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் கொண்டுபோய்விட வேண்டும். சிறுநீரகம் நாள் முழுக்கச் செய்யும் வேலையை இயந்திரம் நான்கு மணி நேரத்தில் செய்யும். ஒரு தவணை தவறினால் நீரும் பொட்டாசியமும் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் எங்கள் வீட்டு நாட்காட்டியில் மூன்றே கிழமைகள்தான் உண்டு.

சில வாரங்களாகக் கார் காலையில் அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தம் மட்டும் வரும். இரண்டாம் முறை அல்லது மூன்றாம் முறை திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடும். அப்பா இருபது ஆண்டுகளாகக் காரை விடும் போமேன் அங்கிள் கேட்டுவிட்டு, "ஸ்டார்ட்டர் கார்பன் தேஞ்சு போச்சுண்ணே, ரீகான் ஒன்னு போட்டுருவோம்" என்றார். 220 வெள்ளி. செவ்வாய்க்கிழமை மாலை அவரிடம் வேலை பழகும் பையன் மாற்றினான். வயது பத்தொன்பது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாற்றியதும் கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அப்பா ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

புதன்கிழமை காலை 5.45. டக். இரண்டாம் முறையும் டக். பத்தாம் முறையும் டக்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து ஜம்ப் கொடுத்தார். சிவப்பை சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் என்று பேட்டரிக்குப் பேட்டரி மாட்டினார். பயனில்லை. கடைசியில் அவரே அம்மாவைக் கொண்டுபோய்விட்டார். நாற்பது நிமிடம் தாமதம். அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் காத்திருந்ததால் அம்மாவின் நான்கு மணி நேரத்தில் அவ்வளவு குறைந்தது.

அன்று மதியம் போமேன் அங்கிள் வந்தார். ரீகான் சாமான்தான் கெட்டது என்று வேறொரு ஸ்டார்ட்டரை மாட்டச் சொன்னார். வீட்டு முன்புறத்திலேயே பையன் கீழே படுத்து மாற்றினான். டக். கையோடு கொண்டுவந்த பேட்டரியை வைத்துப் பார்த்தார். டக். பிறகுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "இவன் கை பட்டாலே இப்படித்தான்ண்ணே. போன வாரம் ஒரு சாகா, இந்த வாரம் உங்க காரு. டைட் பண்ணும்போது எதையோ உடைச்சிருக்கான். சம்பளத்துல 50 வெள்ளி பிடிச்சாத்தான் புத்தி வரும்."

இதையெல்லாம் எனக்கு அம்மா தொலைபேசியில் சொன்னார். நான் கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அந்த வாரம் இரவு ஏழு வரை ஷிப்ட். அம்மா புதன்கிழமை மதியம் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவரால் அதைத்தான் செய்ய முடியும். பேச்சின் கடைசியில், சொல்ல மறந்ததைச் சொல்வதுபோல, "அந்தப் பையன் ஏதோ கேபிள் சுடுதுன்னான்மா. வெயில்ல நிக்கிற காரு சுடாம குளிருமாடான்னு அவரு அதட்டிட்டாரு. பாவம்" என்றார்.

எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு மல்டிமீட்டரோடு வீட்டுக்கு வந்தேன். போமேன் அங்கிள் அப்போதுதான் வந்திருந்தார். காரை இழுத்துக்கொண்டு போய் வயரிங் முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், சனிக்கிழமை தருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம தம்பி" என்றார் அப்பா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

பையன் கேட்டுக்கு வெளியே மோட்டார் மேலேயே உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன்.

"தம்பி, எந்த கேபிள் சுட்டுச்சு?"

அவன் முதலில் தவுக்கேயைப் பார்த்தான். பிறகு, "மினியாக் கேபிள்க்கா. பாஸ் சாவி திருப்பும்போது நான் கைய அதுமேல வச்சிருந்தேன். சுள்ளுனு சுட்டுச்சு. திருப்பாதப்ப ஒன்னும் இல்ல" என்றான்.

மினியாக் கேபிள் என்பது நாம் காலால் மிதிக்கும் ஆக்ஸலரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இரும்புக் கம்பி. இழுக்கவும் விடவும்தான் அது இருக்கிறது. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சாவியைத் திருப்பும்போது மட்டும் அது சூடானால் ஒரே ஒரு பொருள்தான்: ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் திரும்பிவரத் தன் சொந்த வழி கிடைக்காமல் அதன் வழியாக வருகிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு நொடி யோசித்தார். "ஹைவே அடைச்சா லோரியெல்லாம் தாமான் சந்துக்குள்ள வருமே, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான்.

காரில் சிவப்பு வயரை எல்லோருக்கும் தெரியும். அது பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகிறது. ஸ்டார்ட்டரின் உடம்பு எஞ்சினோடு இறுக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் எஞ்சின் இரும்பு வழியாக வந்து, கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருக்கும் கறுப்பு கேபிள் மூலம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். எங்கள் காரில் பேட்டரியின் கறுப்பு முனையிலிருந்து இரண்டு வயர்கள் கிளம்புகின்றன. மெல்லியது பாடிக்கு, தடித்தது கியர்பாக்ஸுக்கு. விளக்கு, ஹார்ன், வைப்பர் எல்லாம் பாடிக்குப் போகும் மெல்லிய வயரை நம்பி இருக்கின்றன. அதனால்தான் "லைட்டு பளிச்சுனு எரியுது, ஹார்ன் அடிக்குது, அப்ப கரண்ட் நல்லாதான் இருக்கு" என்று மூன்று நாளாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவை ஸ்டார்ட்டர் திரும்பும் பாதையைப் பற்றி எந்தச் சாட்சியமும் சொல்லவில்லை.

மலாக்காவில் நான் மின்னியல் படித்தபோது முதல் பருவத்திலேயே எர்த் குறியீட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று கோடுகள். மின்சுற்றின் எந்த மூலையிலும் அதைப் போட்டுவிட்டால் திரும்பும் வயரை வரைய வேண்டியதில்லை. வரைபடம் சுத்தமாக இருக்கும். கூடவே மனதும் அந்த வயரை மறந்துவிடும். காரில் அந்த மூன்று கோடுகளுக்குப் பின்னால் ஒரு நிஜ வயர் இருக்கிறது, ஒரு நிஜ போல்ட் இருக்கிறது, அதன்மேல் மழைத் தண்ணீர் தெறிக்கிறது.

அந்தக் கேபிளை மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்லதாகவே காட்டும். ஏனென்றால் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பித்தான் மின்தடையை அளக்கிறது. ஓர் இழை அறுபடாமல் இருந்தாலும் போதும், பாதை இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆனால் ஸ்டார்ட்டர் கேட்பது நூறு ஆம்ப், அதற்கும் மேல். வெறும் 0.05 ஓம் தடை இருந்தால் நூறு ஆம்ப் அதைக் கடக்கும்போது 5 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மீட்டரின் இரண்டு வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். இந்த மாதிரிப் பழுது சும்மா இருக்கும்போது தெரியாது. சுமையை ஏற்றினால்தான் தெரியும்.

எனவே சுமை ஏற்றி அளந்தேன். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, அப்பா சாவியை மூன்று மூன்று நொடி திருப்ப வேண்டும். பையன் டார்ச் அடித்தான்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவில். திருப்பாதபோது 12.5. திருப்பும்போது 11.2. ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழாத பேட்டரி நல்ல பேட்டரி. இது தாராளமாக நல்லது.

அடுத்து சிவப்புப் பாதை. ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மற்றது ஸ்டார்ட்டரின் சிவப்பு போல்ட்டில். திருப்பும்போது 0.3. பரவாயில்லை.

கடைசியாகக் கறுப்புப் பாதை. ஒரு முனை பேட்டரி மைனஸில், மற்றது எஞ்சினின் வெற்று இரும்பில். இது அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாது. "திருப்புங்கப்பா."

5.1.

போமேன் அங்கிள் குனிந்து மீட்டரைப் பார்த்தார். "திரும்ப ஒரு தடவ" என்றார். திரும்பவும் 5.1.

1845இல் கிர்க்காஃப் என்ற 21 வயது ஜெர்மன் மாணவர் எழுதிவைத்த விதி ஒன்று இருக்கிறது. ஒரு மின்சுற்றைச் சுற்றிவந்தால் கொடுத்த வோல்ட்டும் செலவான வோல்ட்டும் சமமாக இருக்க வேண்டும். வீட்டுக் கணக்கு மாதிரிதான். பேட்டரி கொடுத்தது 11.2. சிவப்பில் 0.3 போனது. கறுப்பில் 5.1 போனது. ஸ்டார்ட்டருக்கு மிஞ்சியது 5.8. பாதிச் சம்பளத்தை வழியிலேயே யாரோ பிடுங்கிக்கொண்டால் வீட்டுக்கு வருபவன் என்ன செய்வான்? டக் என்று ஒரு சத்தம் போடுவான், அவ்வளவுதான். அவனை மாற்றி இன்னொருவனை அனுப்பினாலும் அதே பாதையில்தானே அவனும் வரவேண்டும்.

ஜம்பர் கேபிளின் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் மாட்டினேன். அப்பா சாவியைத் திருப்பினார். கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அம்மா உள்ளேயிருந்து "ஆயிருச்சா?" என்று கேட்டார்.

ஜம்ப் கொடுக்கும்போது கடைசி கறுப்பு முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டச் சொல்வார்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. புதன்கிழமை காலையில் அந்த முனை எஞ்சின் இரும்பைத் தொட்டிருந்தால் அம்மா நேரத்துக்குப் போயிருப்பார்.

பையன் கீழே படுத்து கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து அந்தக் கேபிளைக் கழற்றி எடுத்தான். வெளியே கறுப்பு உறை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. முனைக்குப் பக்கத்தில் கத்தியால் உறையை உரித்ததும் பச்சைப் பொடி கொட்டியது. செம்பு துரு. உள்ளே இருந்த இழைகளில் மூன்றோ நான்கோதான் முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றவற்றில் சில அன்று அறுந்தவை, நுனி பளபளவென்று இருந்தது. பெரும்பாலானவை எப்போதோ அறுந்து கறுத்துப்போனவை.

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. பளபளவென்று இருந்த அந்தச் சில இழைகளை அறுத்தது பையனின் கைதான். ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டுமென்றால் அந்தக் கேபிளை ஒதுக்காமல் முடியாது. ஒதுக்கும்போது வளைந்தது, வளைந்தபோது மீதியில் பாதி அறுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சிரிப்போம். பழம் ஏற்கனவே காம்பு அழுகித் தொங்கிக்கொண்டிருந்தால், காக்கை உட்கார்ந்ததும் விழுந்ததற்குக் காரணம்தான். ஆனால் காம்பு அழுகியதற்குக் காக்கையா பொறுப்பு? அவன் பிறப்பதற்கு முந்திய மழையெல்லாம் அந்தக் கேபிளில் இருந்தது. அவன் அதைத் தொடாமல் விட்டிருந்தாலும் இன்னொரு புதன்கிழமை அது அறுந்திருக்கும்.

பழைய ஸ்டார்ட்டர் ஒர்க்ஷாப்பில்தான் கிடந்தது. அடுத்த வாரம் அவன் அதை வைஸில் இறுக்கி, நேராகப் பேட்டரி கொடுத்துப் பார்த்தான். சுழன்றது. மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

எங்கள் தொழிற்சாலையிலும் இப்படிப்பட்ட சாமான்கள் வரும். வாடிக்கையாளர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிய சில்லைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். 'என்.டி.எஃப்.' என்று எழுதி மூடுவோம். பழுது காணப்படவில்லை என்று அர்த்தம். பழுது எங்கோ இருந்தது, யாரோ பக்கத்தில் இருந்ததைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். உற்பத்தி வரிசையில் ஏதாவது தவறினாலும் முதல் கேள்வி "என்ன மாறியது?" என்பதுதான். ஆள், இயந்திரம், பொருள், முறை என்று நான்கு கட்டங்கள் போட்ட தாள் ஒன்று இருக்கிறது. அதில் 'ஆள்' என்ற கட்டம்தான் முதலில் நிரம்பும். புதிதாக வந்த நேப்பாளத் தொழிலாளி, நேற்று ஷிப்ட் மாறி வந்த பெண் என்று யாராவது ஒருவர் அதில் இருப்பார். மீண்டும் பயிற்சி கொடுத்தாயிற்று என்று எழுதினால் தாள் முடிந்துவிடும். நல்ல ஆடிட்டர் அந்தத் தாளை ஏற்றுக்கொள்ள மாட்டார். அவர் கை தவறியது சரி, கை தவறினால் கெட்டுவிடும் நிலையில் அந்த இடம் ஏன் இருந்தது என்று கேட்பார். டொயோட்டா தொழிற்சாலையில் ஐந்து முறை 'ஏன்' கேள் என்று ஓனோ சொன்னதும் இதற்காகத்தான். முதல் ஏனுக்கு எப்போதும் ஒரு மனிதனின் பெயர் பதிலாகக் கிடைக்கும். அங்கேயே நின்றுவிடுவது சுலபம்.

போமேன் அங்கிளை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. என் பத்தாம் வயதில், தீபாவளிக்கு முந்திய இரவில் ரேடியேட்டர் வெடித்தபோது மழையில் நனைந்துகொண்டு வந்து சரிசெய்தவர் அவர். அன்றிரவு காப்பி குடித்துக்கொண்டே அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

"பாப்பா, நீ செஞ்சது எனக்கும் தெரியும்மா. டெஸ்ட் லைட் வச்சு நானும் பாத்துருக்கேன் அந்தக் காலத்துல. ஆனா அரை மணி நேரம் டெஸ்ட் பண்ணிட்டு 30 வெள்ளி குடுன்னா எவன் குடுப்பான்? சும்மா பாத்ததுக்கா காசும்பான். சாமான் மாத்திட்டு 220 கேளு, பேசாம குடுத்துட்டுப் போவான்."

இதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய ஒன்றுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. அந்தக் காசு வராததால்தான் பட்டறையில் அளக்க நேரமில்லை. அளக்க நேரமில்லாததால்தான் சந்தேகம் அளவுகோலாகிறது. சந்தேகப்பட ஆள் வேண்டும் என்றால் அங்கே சம்பளம் குறைந்தவன்தான் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான்.

பையன் அதற்குள் ஒர்க்ஷாப்புக்குப் போய் தடித்த கேபிள் ஒரு முழம் கொண்டுவந்திருந்தான். இரண்டு முனைகளிலும் லக் வைத்து அழுத்தினான். கியர்பாக்ஸ் போல்ட் உட்காரும் இடத்தை மணல்தாள் போட்டு வெள்ளி தெரியும்வரை தேய்த்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மாட்டி முடித்ததும் மீண்டும் அளந்தோம். கறுப்பில் 0.1.

அப்பா முதல் ஸ்டார்ட்டருக்குக் கொடுத்த 220 வெள்ளியைத் திருப்பிக் கேட்கவில்லை. புது கேபிளுக்கு 15 வெள்ளி, இரவு வேலைக்கு 50 வெள்ளி என்று எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உனக்கு நட்டம் எதுவும் இல்ல. அப்ப பையன் சம்பளத்துல கை வைக்கிறதுக்கும் ஒன்னும் இல்ல."

அங்கிள் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது பையனிடம், "அந்த அக்கா மீட்டர எங்க வாங்குனாங்கன்னு கேட்டு வச்சுக்க" என்றார். இதைவிட அதிகமாக அவர் வாயிலிருந்து எதிர்பார்க்க முடியாது என்று அப்பா பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை 5.45க்கு அம்மா காரில் ஏறினார்.

பையன் கேட்டிலிருந்து திரும்பி வந்து, இந்த டெஸ்ட்டுக்குப் பேர் என்ன, எங்கே படிக்கலாம் என்று கேட்டான். ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது. அவன் படிக்கக்கூடிய மொழியில், அவன் கை வேலைக்கு ஆகிறமாதிரி, காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. நாம் தமிழில் கவிதையைப் பற்றி எழுதுகிற அளவுக்குக் கறுப்பு வயரைப் பற்றி எழுதவில்லை. 'போற வழி, வர்ற வழி டெஸ்ட்' என்று நானாக ஒரு பெயர் வைத்தேன். மூன்று அளவுகளையும் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். எர்த் குறியீட்டைப் போடாமல், திரும்பும் வயரையும் முழுதாக வரைந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பின்னால் ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு கான்சில் வந்துருக்கு. ஸ்டார்ட்டர் மாத்தணும்னு விட்டுட்டுப் போய்ட்டாங்க. வர்ற வழி பாத்துட்டேன், 0.1தான் காட்டுது. அப்ப ஸ்டார்ட்டர்தானேக்கா?"

"போற வழி பாத்தியா?"

"இன்னும் இல்லக்கா."

"பாத்துட்டுச் சொல்லு."